பழைய கை வாட்ச் ஒன்றை அடையாளம் காண்பது எப்படி? – முழுமையான வழிகாட்டி

பழைய வாட்ச் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது டயலில் உள்ள பெயரைத்தான். ஓமேகா என்றிருந்தால் முகம் மலரும். கேள்விப்படாத பெயராக இருந்தால் டிராயருக்குத் திரும்பப் போய்விடும். ஆனால் ஒரு வாட்சில் மிகச் சுலபமாக மாற்றக்கூடிய பாகம் டயல்தான். உள்ளே ஓடும் மெஷினின் ஓரத்தில் இருக்கும் இரண்டு பொடித் திருகுகளைத் தளர்த்தினால் கழன்று வந்துவிடும். அதன்மேல் எந்தப் பெயரை வேண்டுமானாலும் அச்சடித்துக் கொடுக்க ஆட்கள் உண்டு.

பழைய புல்லட் வாங்கப் போகிறவர் டேங்கில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், ஆர்.சி. புக் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். வாட்சிலும் அதே வேலைதான். கேஸ் (வெளிக்கூடு), மெஷின், டயல் மூன்றையும் தனித்தனியாக விசாரித்து, ஒவ்வொன்றும் சொல்லும் காலம் மற்றதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதே அடையாளம் காண்பது. அந்த வரிசையில் டயல் சொல்வதைக் கடைசியாக நம்புங்கள்.

கை வைப்பதற்கு முன்

வருஷக்கணக்கில் ஓடாமல் கிடந்த வாட்சுக்கு முழுச் சாவி கொடுக்காதீர்கள். ஐந்தாறு திருகு போதும். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை ஒழுங்காக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்கு உயிர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும், அந்த நிலையில் ஓடவிட்டால் சக்கரங்களின் முனை தேயும். “ஓவரா சாவி குடுத்துட்டாங்க, அதான் நின்னுபோச்சு” என்று வீட்டில் சொல்வார்கள். முழுச் சாவியோடு நின்றுபோன வாட்ச் பெரும்பாலும் எண்ணெய் காய்ந்து நின்றது. சாவி கொடுத்தவர் மேல் பழி போட வேண்டாம்.

துணியில் தண்ணீர் நனைத்துத் துடைப்பது, பற்பசை போட்டுக் கண்ணாடியைத் தேய்ப்பது எல்லாம் பிறகு. கேஸின் பின்பக்கம் மங்கலாகத் தெரியும் எழுத்துகள் ஒரு பாலீஷில் காணாமல் போகும். போனால் திரும்ப வராது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பயம் தேவை. 1960களுக்கு முந்தைய வாட்சில் முள்ளும் எண்களும் தடிப்பான, பழுப்பேறிய பூச்சோடு இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். இப்போது இருட்டில் ஒளிராது. அதனால் வீரியம் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. தேய்ந்துபோனது ஒளிரும் வேதிப்பொருள்தான். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள். மூடிய வாட்சை எடுத்துப் பார்ப்பதில் பெரிய ஆபத்தில்லை, ஆனால் அந்தப் பூச்சைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. தூள் மூச்சில் போவதுதான் கேடு. குழந்தைகள் விளையாடும் மேஜையில் வைத்துத் திறக்காதீர்கள்.

வெளிப்புறம்

சாவிக் குமிழைச் சேர்க்காமல் கேஸின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். ஸ்ட்ராப் நுழையும் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். 1950களின் ஆண்கள் வாட்ச் 33 முதல் 35 மி.மீ. இருப்பது வழக்கம். இன்றைய கண்ணுக்கு அது பெண்கள் வாட்ச் போலத் தெரியும், அதை வைத்து ஏமாற வேண்டாம். கண்ணாடியை நகத்தால் தட்டிப் பாருங்கள்: மந்தமான ஓசை வந்தால் அக்ரிலிக். அந்தக் காலத்துக்கு அதுதான் சரி.

பின்மூடியில் உள்ள எழுத்துகளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படியுங்கள். ஃபிளாஷ் போட்டால் எழுத்து கரைந்துவிடும். ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் மேலெழும். சுவிஸ் வாட்சுகளில் பிரெஞ்சு வாசகங்கள் இருக்கும். ‘ஃபோன் அசியே இனாக்சிதாப்ல்’ (Fond acier inoxydable) என்றால் பின்மூடி மட்டும் துருப்பிடிக்காத எஃகு, மற்ற பாகம் வேறு உலோகம். ‘ஆங்க்ர் 15 ரூபி’ (Ancre 15 rubis) என்றால் லிவர் வகை மெஷின், 15 கல்; கல் என்பது சக்கர முனைகள் தேயாமல் சுழல வைக்கும் மாணிக்கத் தாங்கி. இவற்றைக் கம்பெனிப் பெயர் என்று நினைத்துத் தேடிக் களைத்தவர்கள் நிறைய.

தங்க நிறமாக இருந்தால் எண்ணைப் பாருங்கள். 750 என்றால் 18 காரட், 585 என்றால் 14, 375 என்றால் 9. பழைய சுவிஸ் 18 காரட் கேஸில் ஹெல்வேஷியா என்ற பெண்ணின் தலை பொடியாகக் குத்தப்பட்டிருக்கும். ‘20 மைக்ரான்’ என்றிருந்தால் அது முலாம், தடிப்பான நல்ல முலாம். சந்தேகம் இருந்தால் நகைக்கடையில் காரட் மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உரைகல்லில் தேய்க்க விடாதீர்கள். தங்கம் என்று உறுதியானதும் “எடைக்குப் போட்டுடலாமா?” என்று நகைக்கடைக்காரர் கேட்பார். அதற்குள் இருக்கும் மெஷின் என்ன என்று தெரியும்வரை பதில் சொல்ல வேண்டாம்.

டயலைப் படிக்கும் முறை

பெயரை விட்டுவிட்டு அடிப்பகுதிக்குப் போங்கள். 6 மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி மிகச் சிறிய எழுத்தில் இருப்பதே உபயோகமான தகவல். ‘சுவிஸ்’ அல்லது ‘சுவிஸ் மேட்’ என்றால் நாடு தெரிகிறது. அதன் இருபுறமும் ‘டி’ (T) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ஒளிரும் பூச்சு, ரேடியத்துக்குப் பதிலாக வந்த டிரிட்டியம். 1960களிலிருந்து 1990களின் இறுதிவரை வந்த வழக்கம் அது. இருபுறமும் சிக்மா என்ற கிரேக்க எழுத்து இருந்தால் மணிக்குறிகள் தங்கம், காலம் 1970களை ஒட்டியது. சீகோவில் அந்த இடத்தில் ‘ஜப்பான்’ என்ற சொல்லோடு எட்டு எண்கள் இருக்கும். அது டயலின் எண், கேஸின் எண் அல்ல.

சில டயல்களில் இரண்டு பெயர்கள் இருக்கும்: தயாரித்தவர் ஒருவர், விற்றவர் ஒருவர். சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடைக்காரர்கள் தங்கள் பெயரையும் ‘மெட்ராஸ்’ என்ற ஊரையும் போட்ட டயல்களோடு விற்றார்கள். அப்படி ஒன்று அசலாகக் கிடைத்தால் வாட்ச் எந்த ஊர்ச் சந்தைக்கு வந்தது என்பது அப்போதே தெரிந்துவிடும். வெஸ்ட் எண்ட், ஃபேவர் லூபா என்ற சுவிஸ் கம்பெனிகள் இரண்டும் இங்கே இவ்வளவு புழங்கியதற்கும் காரணம் உண்டு. ஃபேவர் லூபா 1865 வாக்கிலேயே பம்பாயில் கால் ஊன்றியது. வெஸ்ட் எண்ட் என்ற பெயரே 1886இல் பம்பாயை மையமாக வைத்துப் பிறந்தது. இந்த இரண்டில் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் தாத்தா வெளிநாடு போயிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

இனி அச்சைப் பாருங்கள். இந்தியாவில் மறு அச்சு டயல் ஒரு தனித் தொழில். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதற்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பளீர் ஆரஞ்சு, கிளிப்பச்சை, பாதி சிவப்பு பாதி கறுப்பு எனக் கண்ணைப் பறிக்கும் டயலோடு நாற்பது, ஐம்பது வருஷத்து வாட்ச் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தால் அநேகமாக அதுதான்.

பத்து மடங்கு பெருக்கும் லூப்பை வைத்து நிதானமாகப் பார்த்தால் தெரியும். அசல் அச்சில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும், மை கொஞ்சம் மேடிட்டு நிற்கும். மறு அச்சில் ஓரம் கசிந்திருக்கும்; ஆங்கில ‘ஏ’ எழுத்தின் உள்ளே இருக்க வேண்டிய முக்கோணம் மையால் அடைந்துபோயிருக்கும். நிமிடக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொடருங்கள்: மேலே பதித்த உலோக மணிக்குறியின் நடுவே கோடு வந்து நிற்க வேண்டும், அரைக்கோடு தள்ளி நின்றால் பின்னால் அடித்தது. தேதி ஜன்னலின் ஓரத்தில் புதுப் பெயின்ட் வழிந்திருக்கும். அடியில் ‘சுவிஸ் மேட்’ இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும், அல்லது அந்த எழுத்து பெரிதாக, நடுவில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

ஒளிரும் பூச்சை யூ.வி. டார்ச்சில் பாருங்கள். டார்ச்சை அணைத்ததும் பழைய டிரிட்டியம் பெரும்பாலும் உடனே இருண்டுவிடும். அணைத்து ஓரிரு நிமிடம் ஆகியும் பச்சையாக மின்னினால் அது சமீபத்தில் பூசியது.

மறு அச்சு டயல் என்பதால் வாட்சே போலி என்று ஆகிவிடாது. ஈரம் ஏறிக் கறுத்த டயலை, ஒழுங்காகத் தெரியட்டும் என்று வீட்டில் யாரோ கொடுத்து அடித்திருக்கலாம். உடைமையாளருக்கு அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விற்பவர் அதைச் சொல்லாமல் மறைப்பதுதான் தப்பு.

திறப்பது

பின்மூடி மூன்று வகை. ஓரத்தில் நகம் நுழையும் அளவு சின்ன உதடு தெரிந்தால் அழுத்தி மூடிய வகை. விளிம்பில் சுற்றிலும் வெட்டுக் குழிகள் இருந்தால் திருகு மூடி. இரண்டும் இல்லாமல் பின்பக்கம் வழவழவென்று ஒரே துண்டாக இருந்தால் கண்ணாடி வழியாக முன்பக்கம் திறக்கும் வகை. அதை நீங்கள் தொடவே வேண்டாம்.

திருகு மூடிக்குக் கத்தரிக்கோல் முனை, காம்பஸ், நோஸ் பிளையர் எல்லாம் பயன்படுத்தி மூடியெங்கும் கீறல் போட்ட வாட்சுகளைத்தான் சந்தையில் பார்க்கிறோம். அதற்கென்ற சாவி மலிவாகவே கிடைக்கும். லேசாக இறுகியிருந்தால் பிசுபிசுப்பான ரப்பர் பந்தை வைத்து அழுத்தித் திருப்பினாலே வந்துவிடும்.

இதைவிட நல்ல வழி, ஊரில் பழைய வாட்ச் ரிப்பேர் கடை எதுவோ அங்கே போவது. “அண்ணே, சர்வீஸ் வேணாம், மூடியை மட்டும் தொறந்து காட்டுங்க, நம்பர் குறிச்சுக்கணும்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டீ செலவுக்குக் கொடுத்தால் போதும் என்பார் பலர். மூடியின் உட்புறம், மெஷின் முழுவதும், பேலன்ஸ் சக்கரத்தின் அடியில் என்று ஃபோனில் படம் எடுங்கள். “டயலைப் புதுசா அடிச்சுடலாம், கேஸுக்கு ஒரு பாலீஷ் போட்டா சும்மா பளபளன்னு ஆயிடும்” என்று அன்போடு சொல்வார். அன்போடு மறுத்துவிடுங்கள்.

மூடியின் உட்புறத்தைச் சரிவான வெளிச்சத்தில் பாருங்கள். ஊசியால் கீறிய பொடி எழுத்துகளும் எண்களும் தெரியலாம். ஒவ்வொரு தடவை சர்வீஸ் செய்தபோதும் ரிப்பேர்க்காரர் தன் அடையாளத்தையும், சில சமயம் தேதியையும் கீறி வைப்பது பழைய வழக்கம். கீறிய தேதி ஒன்று 1958 என்றிருந்தால், அந்த மூடியாவது அதற்கு முன்பே பிறந்தது என்பதில் ஐயமில்லை. எண் அட்டவணை எதுவும் தராத உறுதி அது.

மெஷின்

உள்ளே இருப்பதை வெளிநாட்டு நூல்கள் மூவ்மென்ட் என்கும். நம் கடைகளில் மெஷின். அடையாளம் காண்பதில் பாதிக்கு மேல் இங்கேதான் முடிகிறது, அதனால் அவசரப்பட வேண்டாம்.

சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் பாலத் தகடுகளில் கம்பெனிப் பெயரும் கல் எண்ணிக்கையும் பொறித்திருக்கும். அதைவிட முக்கியமான குறி வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது: முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் கீழே, அடித்தட்டின் ஓரத்தில். சுவிஸ் கம்பெனிகள் பல சொந்தமாக மெஷின் செய்யவில்லை. ஏ. ஷில்ட், ஈட்டா, எஃப்.எச்.எஃப்., யூனிடாஸ், பெசூ, ஃபெல்சா போன்ற ஆலைகளிலிருந்து கச்சா மெஷின் வாங்கி, மெருகேற்றித் தங்கள் பெயரைப் போட்டார்கள். அந்த ஆலையின் முத்திரையும் மாடல் எண்ணும்தான் சக்கரத்துக்கு அடியில் இருக்கும். ஓடும் வாட்சில் சக்கரம் மறைக்கும். பல படங்கள் எடுத்தால் ஏதாவது ஒன்றில் ஆரத்தின் இடைவெளியில் சிக்கும். முத்திரையும் எண்ணும் கிடைத்தால் இணையத்தில் ரான்ஃப்ட் என்பவரின் மெஷின் தொகுப்பில் தேடுங்கள்: படம், விட்டம், கல், எந்த ஆண்டுகளை ஒட்டி வந்தது என்பதெல்லாம் வரும். டயலில் உள்ள அறிமுகமில்லாத பெயருக்கு மிக்ரோலிஸ்க் என்ற வணிகச் சின்னத் தொகுப்பு இருக்கிறது; பெயரைப் பதிவு செய்த நிறுவனத்தையும் ஊரையும் அதில் காணலாம்.

எண் எதுவும் கிடைக்கவில்லையா? விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பழைய அளவு ‘லீன்’. ஒரு லீன் 2.256 மி.மீ. அந்த விட்டமும் பாலங்களின் வடிவமும் சேர்ந்தால் தேடல் சுருங்கும். சாவிக் குமிழை இழுத்து முள் திருப்பும் பொறி டயலுக்கு அடியில் இருக்கிறது. அதன் தகடு ஒவ்வொரு ஆலைக்கும் ஒவ்வொரு வடிவம். ரிப்பேர்க்காரர் டயலைக் கழற்றும் சந்தர்ப்பம் வந்தால் அதையும் படம் பிடித்துவிடுங்கள்.

காலத்தைச் சொல்லும் வேறு தடயங்களும் உண்டு. பேலன்ஸின் நடுக்கல்லின் மேல் யாழ் வடிவச் சின்ன ஸ்பிரிங் தெரிந்தால் அது இன்காப்ளாக் அதிர்வுத் தாங்கி. 1930களில் வந்தது, எங்கும் பரவப் பல வருஷம் ஆனது. சீகோவில் அதே வேலைக்கு டயாஷாக், சிட்டிசனில் பாராஷாக். பேலன்ஸ் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிப் பொடித் திருகுகள் இருந்தால் பெரும்பாலும் பழையது. வழவழப்பாக இருந்தால் பிந்தியது.

ஓசையும் தகவல்தான். பழைய கைச்சாவி வாட்சுகள் பெரும்பாலும் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு 5. பிறகு 21,600, 28,800 என்று ஏறி, வேகமானவை 36,000 வரை போயின. ஃபோனில் இதை அளக்கும் இலவச ஆப்கள் உள்ளன. அமைதியான அறையில் மைக் அருகே வைத்தால் போதும். டயலில் ‘ஹை பீட்’ என்று எழுதிவிட்டு உள்ளே நொடிக்கு ஐந்து துடித்தால் சமாச்சாரம் விளங்கிவிடும்.

கல் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். நல்ல கைச்சாவி லிவர் மெஷினுக்கு 15 அல்லது 17 கல் போதும். கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் ஆனால் 21, 25 என்று போகும். ஒரு கல் அல்லது கல்லே இல்லாதவை கல்லுக்குப் பதில் உலோக ஊசி வைத்த, மலிவான ‘பின் லிவர்’ வகை. ஜொலிக்கும் டயலோடு நிறைய வந்தன.

பேலன்ஸ் பாலத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால், ஓமேகாவில் ‘ஓ.எக்ஸ்.ஜி.’ மாதிரி, லாஞ்சின்ஸில் ‘எல்.எக்ஸ்.டபிள்யூ.’ மாதிரி, அது அமெரிக்காவுக்கு இறக்குமதியான மெஷின். அங்கே சுங்க வரியை மிச்சப்படுத்த மெஷினை மட்டும் வரவழைத்து உள்ளூர் கேஸில் பொருத்தினார்கள். அதனால் அசல் ஓமேகா மெஷின் அமெரிக்கக் கம்பெனியின் கேஸில் உட்கார்ந்திருந்தால் அது ஒட்டுப்போட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எண்ணிலிருந்து ஆண்டு

எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தும் ஒரே சூத்திரம் கிடையாது. நம் பக்கம் அதிகம் கிடைப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

சீகோதான் மிக எளிது. பின்மூடியில் கோடு போட்ட எட்டு இலக்கத்தில் முதல் நான்கு மெஷின், அடுத்த நான்கு கேஸ். தனியாக உள்ள வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். 1 முதல் 9 வரை ஜனவரியிலிருந்து செப்டம்பர், 0 என்றால் அக்டோபர், ‘என்’ (N) நவம்பர், ‘டி’ (D) டிசம்பர். எந்தப் பத்தாண்டு என்பதை மட்டும் எண் சொல்லாது, மெஷின்தான் சொல்ல வேண்டும். 6139 என்ற குரோனோகிராஃப் (ஸ்டாப் வாட்ச் வசதியுள்ள) மெஷின் 1969இல் வந்து 1970களின் இறுதிவரை இருந்தது. அதில் வரிசை எண் 2, ‘என்’ என்று தொடங்கினால் 1972 நவம்பர், வேறு ஆண்டுக்கு இடமே இல்லை. 9இல் தொடங்கினால்தான் தலைவலி: 1969ஆ, 1979ஆ? ஆரம்ப கால டயலில் ‘வாட்டர் 70 மீட்டர் ப்ரூஃப்’ என்றிருக்கும். 1970ஐ ஒட்டி ‘ப்ரூஃப்’ போய் ‘ரெசிஸ்ட்’ வந்தது. பின்மூடியிலும் அதே மாற்றம். அதைப் பார்த்துத் தீர்க்கலாம். இங்கே வீடுதோறும் கிடைக்கும் சீகோ 5இன் 7009 மெஷின் 1970களின் பிற்பகுதியில் தொடங்கி 80களைத் தாண்டியும் வந்ததால் 1978, 1988 குழப்பம் அதில் சகஜம்.

சிட்டிசனில் முதல் இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டும் மாதம். ஓமேகாவில் வரிசை எண் மெஷினிலேயே இருக்கும்: 1 கோடி என்றால் 1944 வாக்கில், 1 கோடியே 20 லட்சம் 1950 வாக்கில், 2 கோடி 1963 வாக்கில். இவை எல்லாம் ஓரிரு ஆண்டு முன்பின் ஆகக்கூடிய கணக்கு. ரோலெக்ஸில் ஸ்ட்ராப்பைக் கழற்றினால் கொம்புகளுக்கு இடையே, 12 மணிப் பக்கம் மாடல் எண்ணும் 6 மணிப் பக்கம் வரிசை எண்ணும் இருப்பது பழைய வழக்கம். லாஞ்சின்ஸ் பழைய பேரேடுகளை சுவிட்சர்லாந்தின் செயின்ட் இமியரில் பத்திரமாக வைத்திருக்கிறது. எண்ணை எழுதி அனுப்பிக் கேட்டால் அது எந்த மெஷின், எப்போது யாருக்கு அனுப்பப்பட்டது என்று தேடிச் சொல்லும் பிரிவே அங்கு உண்டு.

ஒத்துப்போகிறதா?

இப்போது எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உதாரணமாக, டயலில் ‘ஓமேகா சீமாஸ்டர் ஆட்டோமேட்டிக்’ என்று ஒரு வாட்ச். திறந்தால் உள்ளே சுழலும் எடைத்தகடு இல்லை, கைச்சாவி மெஷின். ‘30டி2’ (30T2) என்று பொறித்திருக்கிறது, வரிசை எண் 1 கோடியே 3 லட்சத்தில். மெஷின் அசல் ஓமேகாதான், அதுவும் 1939இல் வந்த, ரிப்பேர்க்காரர்கள் கொண்டாடும் 30 மி.மீ. குடும்பம். ஆனால் எண் 1940களின் நடுப்பகுதியைச் சொல்கிறது. சீமாஸ்டர் என்ற வரிசையே 1948இல்தான் தொடங்கியது. டயல் அடியில் ‘டி’ (T) எழுத்துகளும் இருந்தால் அது 1960களிலோ அதற்குப் பிறகோ வந்தது. ஆக, நல்ல மெஷின், யாருடையதோ டயல். கேஸின் உட்புற எண்ணையும் தேடிப் பார்த்து, அது எந்த மெஷினுக்காகச் செய்த கேஸ் என்று தெரிந்துகொண்டால் கதை முழுசாகும். இப்படிப் பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்ததற்கு ‘ஃப்ராங்கன்’ என்று பெயர்.

எதிர்த்திசையிலும் தவறலாம். மேலே சொன்ன 6139இல் கேஸ் எண் 6139-6002 என்றும் டயல் எண் 6139-6009 என்றும் இருப்பதைப் பார்த்துப் பலர் மாற்றப்பட்ட டயல் என்று ஒதுக்குகிறார்கள். அந்தக் கேஸுக்கு அந்த டயல்தான் ஆலையிலேயே வந்தது. இதே குடும்பத்தின் மஞ்சள் டயல் வாட்ச் ஒன்றை வில்லியம் போக் என்ற விண்வெளி வீரர் ஸ்கைலேப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்துக்கு 1973இல் கட்டிப் போனதால், இன்று அதற்குக் கிராக்கி. கிராக்கி இருக்கும் இடத்தில் புதிதாக அடித்த டயலும் இருக்கும். எனவே எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பார்க்காதீர்கள். ஒன்றாகப் பிறந்த எண்கள்தானா என்று பாருங்கள். அதற்கு ஒரே மாடலின் பல படங்களை ஒப்பிடுவதைத் தவிரக் குறுக்கு வழி இல்லை.

எச்.எம்.டி. தனிக்கதை

தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் கிடைக்கப் போவது இதுதான் என்பதால் தனியாகச் சொல்ல வேண்டும். 1961இல் பெங்களூரில் சிட்டிசனின் தொழில்நுட்பத்தோடு தொடங்கிய ஆலை. கைச்சாவி ஜனதா, பைலட் இரண்டிலும் இருப்பது சிட்டிசன் வழி வந்த 17 கல் மெஷின். 0231 என்ற எண்ணைத் தேடுங்கள். ‘பாரா ஷாக்’ என்று டயலில் போட்டிருப்பதும் சிட்டிசன் சொத்துதான். கிழமை, தேதியோடு வரும் காஞ்சன் ஆட்டோமேட்டிக்.

இதில் சிக்கல் என்னவென்றால் ஒரே மெஷின் பல மாடல்களில், பல்லாண்டு காலம் ஓடியது. ஆகவே எந்த ஜனதா டயலையும் கழற்றிவிட்டுப் பைலட் டயல் போடலாம்; போடுகிறார்கள். கறுப்பு டயல் பைலட்டுக்கு விலை ஏறியதிலிருந்து இது குடிசைத் தொழிலாகிவிட்டது. ‘ஜவான்’ என்றும் ராணுவ அம்புக்குறி போட்டும் வருவதில் இன்னும் கவனம் வேண்டும். 2016இல் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. ஆனால் அந்தப் பெயரில் பழைய மாடல்கள் அதற்குப் பிறகும் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே பெட்டியோடு, புத்தம் புதிதாக இருக்கும் ஜனதா ‘பழைய சரக்கு’ என்று யாராவது சொன்னால், பில் தேதியைக் கேளுங்கள்.

காகிதமும் மனிதர்களும்

வாட்ச் எப்போது செய்யப்பட்டது என்பதை எண் சொல்லும். வீட்டுக்கு எப்போது வந்தது என்பதை வீடுதான் சொல்ல வேண்டும். கல்யாண ஆல்பத்தை எடுங்கள். மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் கேஸின் வடிவமும், மணிக்குறி கோடா எண்ணா என்பதும், நொடி முள்ளுக்குத் தனி வட்டம் இருக்கிறதா என்பதும் பல படங்களில் தெரியும். இன்றைய டயல் அன்றைய டயல்தானா என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது.

பெரியவர்களிடம் “இந்த வாட்ச் எங்க வாங்கினது?” என்று கேட்டால் “அது அப்பவே இருந்துச்சு” என்பார்கள். “சித்தப்பா சிங்கப்பூர்ல இருந்து வந்தப்ப கொண்டு வந்ததா, ரிடையர்மென்ட்ல குடுத்ததா?” என்று இரண்டைச் சொல்லிக் கேளுங்கள், இரண்டும் இல்லை என்றாலாவது மூன்றாவது வெளியே வரும். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவிலிருந்து வந்த சீகோ, சிட்டிசன்களுக்கும், பர்மா பஜார் வழியாக வந்தவற்றுக்கும் பில் எதிர்பார்க்க முடியாது. ஆபீஸில் கொடுத்ததாக இருந்தால் பின்மூடியில் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். அதை அழித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்.

விலை

இணையத்தில் கேட்கும் விலை யாருடைய ஆசையோ. விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். ஏலத் தளங்களில் முடிந்த விற்பனையைத் தனியே வடிகட்டலாம். அதிலும் அசல் டயல், பாலீஷ் ஏறாத கேஸ், ஓடும் மெஷின் உள்ளவற்றோடுதான் உங்களுடையதை ஒப்பிட முடியும். மறு அச்சு டயலுக்கு அதில் பெரும்பகுதியைக் கழித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, சாதாரணக் கம்பெனியின் கெடாத வாட்ச், பெரிய கம்பெனியின் கெட்டுப்போன வாட்சைவிடச் சீக்கிரம் ஆள் பிடிக்கும்.

கண்டுபிடித்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: கேஸ் எண், மெஷின் எண், வரிசை எண், அளவு, உட்புறக் கீறல்கள், யார் கட்டினார், எந்தப் படத்தில் இருக்கிறது, எது மாற்றப்பட்டது என்று நினைக்கிறீர்கள், ஏன். படங்களை அச்செடுத்து அதோடு வைத்து, வாட்சும் தாளும் ஒரே டப்பாவில் இருக்கட்டும். கழற்றிய பழைய ஸ்ட்ராப், உடைந்த கண்ணாடி, மாற்றிய சாவிக் குமிழ் எதையும் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு அதே டப்பாவில் வையுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, மாற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.